யூஐ எங்கே முடிகிறது, யூஎக்ஸ் எங்கே தொடங்குகிறது? யூபிஐ கட்டணத்தை வைத்துப் பேசுவோம்

#1 வரைபலகை

யூஐ என்பது பயனர் இடைமுகம், யூஎக்ஸ் என்பது பயனர் அனுபவம். வேலை விளம்பரங்களில் "யூஐ/யூஎக்ஸ் டிசைனர் தேவை" என்று நடுவில் ஒரு சாய்கோட்டைப் போட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கட்டுரைகளோ யூஐ என்றால் அழகு, யூஎக்ஸ் என்றால் பயன் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. ஒரு புகார் கைக்கு வரும்போது இது எதுவும் உதவுவதில்லை. திரையைத் திருத்தினால் போதுமா, நடைமுறையையே மாற்ற வேண்டுமா, யார் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த வரையறைகளில் பதில் இல்லை.

எல்லாரும் தினமும் செய்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து யூபிஐயில் பணம் கட்டுவது. இதில் எது யூஐ முடிவு, எது யூஎக்ஸ் முடிவு என்று விவரம் தெரிந்தவர்கள் பிரித்துக் காட்டுங்கள். வீடும் வண்ணப்பூச்சும், சாஸ் பாட்டில் போன்ற உவமைகள் வேண்டாம், தயவுசெய்து.

#2 செங்கோடு

செயலியைத் திறப்பது, ஸ்கேன் செய்வது, பெயரைப் பார்ப்பது, தொகையை அடிப்பது, ரகசிய எண்ணைப் போடுவது, முடிவைப் பார்ப்பது. இந்த ஆறு படிகளில் தொகைத் திரையை முதலில் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் யூஐ வேலை அங்கேதான் அடர்த்தியாக இருக்கிறது.

திரை வந்தவுடன் எண் விசைப்பலகை தானாகத் திறக்க வேண்டும். தொகையின் இலக்கங்கள் சுற்றியுள்ள எழுத்தைவிட இரண்டு மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். அடிக்க அடிக்கவே காற்புள்ளி விழ வேண்டும், அதுவும் 1,00,000 என்று நம் முறையில். மொழி அமைப்பில் இந்தியா என்று குறிப்பிடாவிட்டால் பெரும்பாலான ஆயத்த நிரல் தொகுப்புகள் 100,000 என்று மூன்று மூன்றாகப் பிரித்துவிடும். பதறும் நேரத்தில் அதை ஒருவர் பத்தாயிரம் என்று படிக்க வாய்ப்பு உண்டு. பட்டனில் "தொடர்க" என்று எழுதாமல் "₹450 செலுத்து" என்று தொகையையே எழுதினால், 4500 என்று தவறாக அடித்தவருக்கு ஒரு கடைசி வாய்ப்பு கிடைக்கும். சிறிய போன்களில் விசைப்பலகை மேலே எழும்போது அந்தப் பட்டன் அடியில் மறைந்துபோகாமல் விசைப்பலகையின் தலைமேல் உட்கார வேண்டும். இவை எல்லாம் யூஐ.

இனி யூஎக்ஸ். செயலி திறந்ததும் கேமரா வருவதா, முகப்புப் பக்கம் வருவதா? க்யூஆருக்குள்ளேயே தொகை இருந்தால் தொகைத் திரையைத் தாண்டிவிடலாமா, அல்லது பார்க்க ஒரு நொடி கொடுப்பதா? பெயர் தோன்றும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது? கடைப் பலகையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் கடைக்காரரின் மனைவி பெயர். 2025 ஜூன் இறுதிக்குள் வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ சொன்னது. மோசடியைத் தடுக்க அது தேவையான விதிதான். ஆனால் வாடிக்கையாளர் அறியாத ஒரு பெயரைப் பார்த்துக் கை தயங்கி, "இது யாருங்க?" என்று கேட்கிறார். அந்தத் தயக்கத்தை எழுத்தின் அளவைக் கூட்டித் தீர்க்க முடியாது. பலகையின் பெயரையும் பதிவுப் பெயரையும் இணைக்க எதை எங்கே காட்டுவது, கடைக்காரரைப் பதிவு செய்யும்போது என்ன கேட்டு வாங்குவது என்ற கேள்வி அது. பதில் வேறொருவருடைய செயலியில், வேறொரு நாளில் இருக்கிறது.

அடுத்தது ரகசிய எண் திரை. 4 அல்லது 6 இலக்கம் கேட்கும் அந்தப் பக்கம் எல்லா செயலிகளுக்கும் பொதுவாக என்பிசிஐ கொடுக்கும் நிரல் தொகுப்பிலிருந்து வருகிறது. செயலியின் யூஐ டிசைனர் அதன் நிறத்தையோ எழுத்தையோ தொட முடியாது. ஆனாலும் அந்தத் திரை அனுபவத்தின் நடுவில் நிற்கிறது. தான் வரையாத திரைக்கும் சேர்த்து முன்னும் பின்னும் வழி அமைப்பது யூஎக்ஸ் வேலை.

#3 கரிசல்

செங்கோடு சொன்னதில் விவரங்கள் சரி, பிரித்த விதத்தை ஏற்க மாட்டேன். "இவை யூஐ, இனி யூஎக்ஸ்" என்று வரிசை போட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறைகள் போலத் தெரிகிறது. வடிவமைப்பு ஆய்வாளர் டான் நார்மன் 1993இல் ஆப்பிளில் சேர்ந்தபோது தன் பதவியின் பெயரிலேயே பயனர் அனுபவம் என்ற சொல்லைச் சேர்த்தார். இடைமுகம், பயன்படுத்த எளிமை என்ற சொற்கள் குறுகலாக இருக்கின்றன என்பதுதான் காரணம். பொருளின் வடிவம், வரைகலை, இடைமுகம், கையால் தொடுவது, உடன் வரும் கையேடு எல்லாம் அதற்குள் அடக்கம். அப்படியானால் பட்டனில் தொகையை எழுதுவதும் யூஎக்ஸ் முடிவுதான். யூஐ அதன் உள்ளே இருக்கிறது.

#4 செங்கோடு

உள்ளே இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, கரிசல் அண்ணா. ஆனால் உள்ளே இருப்பதற்கும் தனித்த கைத்திறன் உண்டு. எழுத்துரு, இடைவெளி, நிற வேறுபாடு, பட்டன் நிலைகள், திரும்பத் திரும்பப் பயன்படும் திரைப் பாகங்களின் தொகுப்பு இவற்றைத் தினமும் செய்பவரின் கை வேறு. பத்துப் பேரைச் சந்தித்துக் கேட்டு, வழித்தடத்தை வரைந்து, எங்கே ஆள் கழன்றுகொள்கிறார் என்று தேடுபவரின் கை வேறு. எல்லாமே யூஎக்ஸ்தான் என்று சொல்லிவிட்டால் நிற வேறுபாட்டை யாரும் அளக்க மாட்டார்கள்.

#5 நெய்தல்

திரையே இல்லாத ஒன்றைப் பார்த்தால் கரிசல் சொல்வது தெளிவாகும். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிப்பெட்டி.

அது வருவதற்கு முன் கடைக்காரர் என்ன செய்தார்? வாடிக்கையாளர் நீட்டும் போனில் பச்சை டிக்கைப் பார்த்தார், அல்லது வங்கியின் எஸ்எம்எஸ்ஸுக்குக் காத்திருந்தார். பச்சை டிக்கைப் போலியாகக் காட்ட ஒரு பழைய ஸ்கிரீன்ஷாட் போதும். எஸ்எம்எஸ் நெரிசலில் தாமதமாகும். அவர் கையோ மாவிலோ எண்ணெயிலோ இருக்கும். பணம் அனுப்புபவரின் திரையை எவ்வளவு செம்மையாக்கினாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருந்திருக்கும், ஏனென்றால் சந்தேகம் இருந்தது திரைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவரிடம்.

பெட்டிக்குள் சொந்த சிம் இருக்கிறது, கடைக்காரரின் போனை நம்பி அது இல்லை. பணம் வந்த செய்தி சர்வரிலிருந்து நேராகப் பெட்டிக்கு வந்து, கடைக்காரர் தேர்ந்தெடுத்த மொழியில், தமிழிலும்கூட, தொகையைச் சொல்கிறது. வாங்கியவரும் விற்றவரும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்கிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. சிம்மின் சிக்னல் மோசமான இடத்தில் அறிவிப்பு தாமதமாகும், வாடிக்கையாளர் போய்விட்ட பிறகு ஒலிக்கும். இரண்டு பேர் அடுத்தடுத்து நாற்பது நாற்பது ரூபாய் அனுப்பினால் எது யாருடையது என்று தெரியாது. இரண்டு நிறுவனங்களின் பெட்டிகள் ஒரே கல்லாவில் இருந்தால் எதைக் கவனிப்பது என்ற குழப்பம். சார்ஜ் தீர்ந்த பெட்டி மௌனமாக இருப்பதும், பணம் வராததால் மௌனமாக இருப்பதும் கேட்பவருக்கு ஒன்றுதான். ஆகவே சார்ஜ் குறைவதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் யோசிப்பவர் ஒரு பிக்சலும் வரையவில்லை, ஆனால் அது முழுக்க வடிவமைப்பு வேலை.

#6 பொருநை

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு எடுத்துக்காட்டு வேண்டும். யூஐ என்பது மேல்பூச்சு, தவறினால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான் என்ற எண்ணம் இழையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல், ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுன்டி. வேட்பாளர்கள் 10 பேர். பெயருக்கு நேரே துளையிட்டு ஓட்டுப் போடும் வாக்குச்சீட்டு. முதியவர்கள் அதிகம் வாழும் பகுதி என்பதால் அதன் எழுத்தைப் பெரிதாக்க விரும்பினார்கள். பெரிதாக்கியதும் ஒரு பக்கத்தில் பெயர்கள் அடங்கவில்லை. எதிரெதிர் பக்கங்களில் பெயர்களைப் பிரித்துப் போட்டு, துளையிடும் வரிசையை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கம் முதலில் புஷ், இரண்டாவது கோர். வலப்பக்கம் முதலில் புகானன். துளைகளோ மேலிருந்து கீழாக ஒரே வரிசை: முதல் துளை புஷ், இரண்டாவது புகானன், மூன்றாவது கோர். இடப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தவருக்கு இரண்டாவது பெயர் கோர், ஆகவே இரண்டாவது துளை. ஓட்டு புகானனுக்குப் போனது. அந்தக் கவுன்டியில் அவருக்கு 3,400க்கும் மேல் ஓட்டு விழுந்தது. தவறை உணர்ந்து மூன்றாவதையும் துளைத்தவர்களின் சீட்டு செல்லாமல் போனது. மாநிலத்தில் புஷ் வென்ற வித்தியாசம் 537.

வாக்காளர் யார், அவர் கண்பார்வை எப்படி என்று யோசித்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். அதாவது யூஎக்ஸ் அக்கறை இருந்தது. பெயரையும் துளையையும் ஒரே நேர்கோட்டில், ஒரே பக்கத்தில் வைப்பது என்ற யூஐயின் அடிப்படை விதி உடைந்தது. அச்சடிப்பதற்கு முன் சில முதியவர்களை உட்கார வைத்து "கோருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று பார்த்திருந்தால் வெளியே வந்திருக்கும்.

#7 வரைபலகை

பொருநை, நெய்தல் இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது என் உண்மையான கேள்வி. புகார் இப்படி வருகிறது: "காசு போயிடுச்சு, கடைக்காரர் வரலைன்னு சொல்றார், மறுபடி அனுப்பினேன், ரெண்டு தடவை போயிடுச்சு." இது யூஐயா, யூஎக்ஸா? எப்படிக் கண்டுபிடிப்பது?

#8 செங்கோடு

ஒரு சோதனைக் கேள்வி போதும்: ஒரே ஒரு திரையை மட்டும் மாற்றினால் இந்தப் புகார் நிற்குமா? நிற்கும் என்றால் யூஐ. திரைக்கு முன்னாலோ பின்னாலோ, வேறு ஆளிடமோ, விதியிலோ கை வைக்க வேண்டும் என்றால் யூஎக்ஸ். நீங்கள் சொன்ன புகார் இரண்டிலும் கால் வைக்கிறது.

யூபிஐயில் முடிவு மூன்று வகை: வெற்றி, தோல்வி, நிலுவை. பணம் அனுப்பும் வங்கி கழித்துவிட்டு, பெறும் வங்கியின் பதில் உரிய நேரத்தில் வராவிட்டால் நிலுவை. பல செயலிகள் வெற்றிக்கும் தோல்விக்கும் நன்றாக வரைந்துவிட்டு, நிலுவைக்கு வெற்றித் திரையையே மஞ்சளாக்கி விடுகின்றன. அதே வட்டம், அதே அசைவு, உள்ளே ஒரு கடிகாரம். கடைக்காரர் தூரத்திலிருந்து பார்த்தால் "வந்துவிட்டது" என்று நினைக்கலாம், அனுப்பியவர் "போகவில்லை" என்று நினைக்கலாம். வடிவமே மாற வேண்டும், நிறம் மட்டும் போதாது. இது யூஐ.

அதன் பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்பது யூஎக்ஸ். கடையில் நிற்கிறார், பின்னால் வரிசை. காத்திருக்கவா, ரொக்கம் கொடுக்கவா, மறுபடி அனுப்பவா? இதற்கு விதி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தனிநபருக்கு அனுப்பிய யூபிஐ பணம் கழிக்கப்பட்டுச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கு என்றால் 5 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. இதைத் திரையில் சொல்லலாம்: "₹450 உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. கடைக்குச் சேராவிட்டால் 5 நாளுக்குள் திரும்பிவிடும். மீண்டும் அனுப்ப வேண்டாம்." நாள் எண்ணிக்கையாகச் சொல்லாமல் தேதியாகவே போட்டால் இன்னும் நல்லது.

#9 அளவுகோல்

அந்த வாசகத்தை அப்படியே பயன்படுத்தாதீர்கள். நிலுவை என்பதற்கு "கழிக்கப்பட்டது, சேரவில்லை" என்று எப்போதும் பொருள் இல்லை. அனுப்பும் வங்கியின் பதிலே வராமலும் இருக்கலாம். கழிக்கப்பட்டதா என்றே செயலிக்குத் தெரியாத நிலை அது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னால், வங்கிக் கணக்கைப் பார்த்து இருப்பு குறையவில்லை என்று கண்டவர் அடுத்த முறை எந்தச் செய்தியையும் நம்ப மாட்டார்.

இரண்டு நிலைக்கும் இரண்டு வாசகம் எழுதுங்கள். கழித்தது உறுதியானால் செங்கோடு எழுதியது. உறுதியாகாவிட்டால்: "₹450 போய்ச் சேர்ந்ததா என்று வங்கி இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவுடன் இங்கேயே காட்டுவோம்." கூடவே 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தொட்டால் நகலாகும்படி. வங்கிக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது அதைத்தான், ஆனால் பல செயலிகளில் அது மூன்று தட்டலுக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது. இந்த வாசகத்தை எழுத சர்வர் என்ன தகவல் தருகிறது என்று பொறியாளரிடம் கேட்டாக வேண்டும். வெறும் "நிலுவை" என்ற ஒரே குறியீட்டை மட்டும் சர்வர் அனுப்பினால், எந்த டிசைனராலும் இரண்டு வாசகம் எழுத முடியாது.

காத்திருக்கும் நேரத்துக்கும் அளவு இருக்கிறது. 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும். 1 விநாடி வரை நினைவோட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 1990களில் தொகுத்துச் சொன்ன எல்லைகள் இவை, இன்றும் பயன்படுகின்றன. 10 விநாடிக்கு மேல் சுழல்வட்டத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்காமல், எந்தப் படியில் நிற்கிறது என்று சொற்களில் காட்டுங்கள்.

#10 மெய்யெழுத்து

தமிழில் செயலி செய்பவர்களுக்கான பகுதி விடுபட்டுவிட்டது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் வரைந்து முடித்துக் கடைசியில் மொழிபெயர்ப்பை ஒட்டும்போது உடையும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா செயலியிலும் ஒன்றுதான்.

அகலம். ஆங்கிலத்தில் ஏழெழுத்தில் முடிகிற பட்டன் தமிழில் "உறுதிப்படுத்து" ஆகிறது. அகலத்தை நிலையாக வைத்த பட்டனில் இது வெட்டுப்படும். பட்டன் உள்ளடக்கத்துக்கேற்ப வளர வேண்டும், இரண்டு வரிக்கு மடங்கவும் இடம் வேண்டும். ஃபிக்மா என்ற திரை வரையும் மென்பொருளில் வரையும்போதே உள்ளதிலேயே நீளமான தமிழ்ச் சொல்லைப் போட்டு வரையுங்கள்.

வரியுயரம். மேலே இகர ஈகார வளைவும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழியும் நீள்வதால் ஆங்கிலத்துக்கு அமைத்த 1.2 வரியுயரத்தில் (எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு) மேல்வரியின் "மு" கீழ்வரியின் "ன்" மேல் இடிக்கும். 1.5இல் தொடங்கி, எழுத்துருவைப் பொறுத்துக் கூட்டுங்கள். உயரம் நிலையான பெட்டியில் புள்ளி வெட்டுப்பட்டால் "கண்" என்பது "கண" ஆகிவிடும்.

நறுக்குதல். இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் மூன்று புள்ளி வைத்துச் சுருக்குவது பெரும்பாலும் சரியாக வரும். சர்வரில் "முதல் 20 குறிகள்" என்று நறுக்கும்போதுதான் கெடும், ஏனென்றால் "நி" என்பது கணினிக்கு இரண்டு குறிகள், "ஸ்ரீ" நான்கு. நடுவில் வெட்டினால் மெய்யின் புள்ளியோ உயிர்க்குறியோ கழன்று வேறு எழுத்தாகும். எழுத்துக் கொத்து (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் குறிகள்) எல்லையில் வெட்டும் வசதி இப்போது உலாவிகளிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எழுத்தைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். தரவுத்தளத்தில் பைட் கணக்கில் எல்லை வைத்தால் பெயர்கள் பாதியில் நிற்கும்.

அழுத்தம். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. தலைப்பைப் பெரிய எழுத்தால் காட்டும் ஆங்கில வடிவமைப்பு தமிழில் தட்டையாகிவிடும். அளவாலும் தடிமனாலும் இடைவெளியாலும் காட்ட வேண்டும். சாய்வெழுத்து வேண்டாம், மென்பொருள் செயற்கையாகச் சாய்ப்பதுதான் அது. எழுத்திடைவெளியைக் கூட்டினால் உயிர்க்குறிகள் மெய்யைவிட்டு விலகி நிற்கும்.

தேடல். "கொ" என்பதை ஒரு விசைப்பலகை மெய்யும் ஒரு குறியுமாக அனுப்பும், இன்னொன்று கொம்பும் காலுமாகப் பிரித்து அனுப்பும். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் நிரலுக்கு வேறு. சேமிக்கும் முன் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால், இது தீரும். ஆனால் "ஔ"வுக்குப் பதில் "ஒள" என்று அடிப்பவரை இயல்பாக்கம் காப்பாற்றாது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

இதுவரை யூஐ. யூஎக்ஸ் பக்கம் வந்தால், தமிழ்த் திரையைத் தேர்ந்தெடுத்தவர்களே தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் "murugan" என்பதுபோல் தமிழை அடிப்பார்கள், அல்லது பேசுவார்கள். தமிழ்த் திரை என்பதால் தமிழ் உள்ளீடு மட்டும் வரும் என்று வைத்துக்கொண்டால் "முடிவுகள் இல்லை" என்ற பக்கம்தான் அதிகம் தெரியும். எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள், தமிழில் 70, பல துண்டாகப் பிரித்தால் துண்டுக்கு 67. "கி" இரண்டாகக் கணக்காகும். ஆகவே தொகையும் முடிவும் முதல் 70க்குள் வரும்படி வாக்கியத்தை அமைப்பது நல்லது. செலவும் குறையும், பூட்டுத்திரையில் தெரியும் பகுதியிலேயே செய்தியும் முடிந்துவிடும்.

#11 அளவுகோல்

யூஐயைக் கருத்தாகப் பேசாமல் அளந்து பேசுவதற்குச் சில எண்கள்.

சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. இணையம் எல்லாருக்கும் எட்டுவதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் விதி இது. வெள்ளையில் #999999 சாம்பல் 2.85:1 தான், தோல்வி. #767676 மயிரிழையில் தேறும். வெயிலில் நின்று பணம் கட்டும் செயலிக்கு மயிரிழை போதாது, 7:1ஐ நோக்கிப் போங்கள்.

தொடும் பரப்புக்கு ஆண்ட்ராய்டின் மெட்டீரியல் வழிகாட்டி 48 டிபி (திரையின் அடர்த்திக்கேற்ப மாறும் அலகு), ஏறக்குறைய 9 மி.மீ. ஆப்பிள் 44 பாயின்ட். 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தபட்சம் 24 பிக்சல் என்கிறது. அது கீழெல்லை, இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் படவுரு சிறிதாக இருக்கலாம், தொடு பரப்பு பெரிதாக இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அப்படி வைத்துத் தமிழில் ஒருமுறை முழு வழியையும் நடந்து பாருங்கள். மெய்யெழுத்து சொன்ன உடைசல்கள் அத்தனையும் அங்கே வரிசையில் நிற்கும்.

#12 கரிசல்

அளவெடுப்பதெல்லாம் தேவைதான். ஆனால் எல்லா எண்ணும் தேறிய திரையிலும் ஆள் தடுமாறுவார். அதைக் கண்டுபிடிக்க ஆளை உட்கார வைப்பதைத் தவிர வழியில்லை.

செய்யும் முறை: பணியைப் பயனரின் சொல்லில் கொடுங்கள். "ஸ்கேன் பட்டனைத் தொடுங்கள்" என்று சொன்னால் சோதனை அங்கேயே முடிந்தது. "காய்கறிக் கடைக்கு 450 ரூபாய் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முன்மாதிரியில் உண்மையான ரகசிய எண்ணை ஒருபோதும் கேட்காதீர்கள், நீங்களே ஒரு பொய் எண்ணை அட்டையில் எழுதிக் கொடுங்கள். விலை குறைந்த போன், மங்கிய திரை, மெதுவான இணையம். அவர் எங்கே நிறுத்துகிறார், எதை உரக்கப் படிக்கிறார், எந்த இடத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறியுங்கள். நிலுவைத் திரையை வேண்டுமென்றே ஒருமுறை வரவழையுங்கள். பெரும்பாலான சோதனைகள் எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியை மட்டும் நடந்து பார்த்து முடிந்துவிடுகின்றன.

எத்தனை பேர்? "ஐந்து பேர் போதும்" என்பது நீல்சனும் லாண்டவரும் 1993இல் தந்த கணக்கிலிருந்து வருவது. ஒரு குறையை ஒருவர் தடுக்கி விழ சராசரி வாய்ப்பு 31 சதவீதம் என்றால், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். அந்த 31 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பத்தில் ஒருவருக்கு மட்டும் நேரும் குறை என்றால் ஐந்து பேரை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு 41 சதவீதம்தான். கடைக்காரர், வாடிக்கையாளர் என்று இரண்டு தரப்பு இருந்தால் ஒவ்வொன்றிலும் தனியாக ஐந்து பேர் வேண்டும். பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று போவது பயன்.

பயன்படுத்த எவ்வளவு எளிது என்று கேட்கும் எஸ்யூஎஸ் வினாத்தாளும் கொடுக்கலாம், 10 கேள்வி, சராசரி மதிப்பெண் 68. அது சதவீதம் இல்லை. எந்தத் திரை கெட்டது என்றும் அது சொல்லாது, முன்னைவிட மேலா கீழா என்று ஒப்பிட மட்டுமே உதவும்.

#13 நெய்தல்

செங்கோடு #8இல் சொன்ன சோதனைக் கேள்விக்கு யூபிஐயிலேயே பெரிய சான்று இருக்கிறது: பணக் கோரிக்கை வசதி. மோசடி செய்பவர் "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கோரிக்கை அனுப்புவார். அதை ஏற்று ரகசிய எண்ணைப் போட்டால் பணம் அவருக்குப் போகும். பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பணம் கட்டும்போது வரும் அதே எண் பெட்டிதான் இங்கும் வருகிறது.

திரையில் செய்யக்கூடியது அனைத்தும் நடந்தது. சிவப்பு எச்சரிக்கை, "உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்" என்ற வரி, அறியாதவர் என்ற முத்திரை, தடைசெய்யும் பட்டன். போனில் ஒருவர் பேசிப்பேசி அவசரப்படுத்தும்போது அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. சில நேரம் மறுமுனையில் இருப்பவரே "சிவப்பாக ஒன்று வரும், அதைத் தள்ளிவிடுங்கள்" என்று சொல்லிக்கொடுப்பார். கடைசியில் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையிலான கோரிக்கையையே என்பிசிஐ நிறுத்தியது. கடைகள் அனுப்பும் கோரிக்கை தொடர்கிறது. திரைகள் பலமுறை மாறியும் நிற்காத ஒன்றுக்கு வழியையே மூட வேண்டியிருந்தது.

#14 பொருநை

அது சரி, ஆனால் அந்த எச்சரிக்கைகள் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வழியை மூடும் அதிகாரம் ஒரு செயலியின் டிசைனருக்குக் கிடையாது. அது வரும்வரை மக்களைக் காக்கத் திரை ஒன்றுதான் கையில் இருந்தது. "பணம் போகும்" என்ற வரியைப் பட்டனுக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதில் சிலருடைய சேமிப்பு தப்பியிருக்கும்.

#15 வரைபலகை

இரண்டு பேர் மட்டும் உள்ள குழுவில் இந்த வேலைகளை எப்படிப் பகிர்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். நிலுவைத் திரையில் "மீண்டும் முயல்க" பட்டன் வைக்கலாமா? எங்கள் தரப்பில் வேண்டும் என்கிறார்கள்.

#16 செங்கோடு

பதவிப் பெயரை வைத்துப் பகிராமல், கையில் கொடுக்கும் பொருளை வைத்துப் பகிருங்கள். ஒருவர் வழித்தட வரைபடம், பயனர் சந்திப்புக் குறிப்புகள், சோதனைத் திட்டம், ஒவ்வொரு தவறான முடிவுக்கும் அடுத்து என்ன என்ற பட்டியல் இவற்றைத் தர வேண்டும். மற்றவர் ஒவ்வொரு திரைக்கும் எல்லா நிலைகளையும் வரைந்து தர வேண்டும்: வெறுமை, ஏற்றப்படுகிறது, பாதி வந்தது, பிழை, நிலுவை, வெற்றி. வாசகங்களை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். அதைத் தனியே ஒருவரிடம் விட்டால் ஒன்று சட்டத்தாள் போல ஆகும், அல்லது விளம்பரம் போல ஆகும். வேலை விளம்பரம் எழுதுவதானாலும் இந்தப் பொருள்களின் பட்டியலைப் போடுங்கள், விண்ணப்பிப்பவருக்குத் தன் வேலை எது என்று தெரியும்.

#17 அளவுகோல்

"மீண்டும் முயல்க" நிலுவையில் வேண்டாம். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய பரிவர்த்தனை எண் உருவாகும், ஆகவே வங்கிக்கு அது புதிய கட்டணம். முதலாவதும் பிறகு சேர்ந்துவிட்டால், #7இல் நீங்கள் எழுதிய இரட்டைக் கட்டணம்தான் நடக்கும்.

அந்த இடத்தில் "நிலையைப் பார்" என்ற பட்டனை வையுங்கள். அது புதிய கட்டணம் தொடங்காமல், பழைய எண்ணின் நிலையை மட்டும் சர்வரிடம் கேட்க வேண்டும். தோல்வி உறுதியான பிறகே "மீண்டும் அனுப்பு" தோன்றட்டும். அதற்குள் அவர் வெளியேறி அதே க்யூஆரை மறுபடி ஸ்கேன் செய்து அதே தொகையை அடித்தால், ரகசிய எண் திரைக்கு முன்பாக ஒரு இடைத்திரை: "இதே கடைக்கு ₹450 சற்றுமுன் அனுப்பினீர்கள், முடிவு இன்னும் வரவில்லை. மறுபடியும் அனுப்பவா?" இரண்டு பட்டன்களில் "காத்திருக்கிறேன்" என்பது முதன்மையாக, நிறம் நிரம்பியதாக இருக்கட்டும். "அனுப்பு" என்பதைத் தடுக்க வேண்டாம், கோடு மட்டும் போட்ட பட்டனாக வையுங்கள். ஒரே கடையில் உண்மையாகவே அதே விலைக்கு இரண்டாவது பொருள் வாங்குபவரும் உண்டு.

#18 வரைபலகை

இடைத்திரையைச் சேர்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். நிலையை மட்டும் கேட்கும் வசதி சர்வரில் இருக்கிறதா, "கழித்தது உறுதி" என்பதைத் தனிக் குறியீடாக அனுப்ப முடியுமா என்று பொறியாளர்களிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இரண்டு வாசகங்களையும் இங்கே போடுகிறேன், மெய்யெழுத்து 70 குறிக்குள் அடங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.